அவையிற் பெறும் கல்வி

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருநாளன்று பல இலட்சம் மக்கள் கூடுகின்றனர். மாலையில் மலையுச்சியில் தீபம் தோன்றியதும் ஊரார் தத்தம் இல்லத்து வாயிலில் அகல்விளக்கு ஏற்றுகின்றனர். வெளியூரார் தம் வீட்டிலிருந்தே விளக்கேற்றி வழிபடலாகாதோ எனின், ஆகும். ஆயினும், தனியே இருந்து பெறாத ஓர் உள்ளக் கிளர்ச்சியை மக்கள் கூடி நின்று பெறுகின்றனர். நெடுந்தொலைவிலிருந்து அவர்களை ஆண்டுதோறும் அழைத்து வருவது அக்கிளர்ச்சியே ஆகும். வழிபாட்டிற்குப் பொருந்தும் இவ்வுண்மை கல்விக்கும் பொருந்தும்.

கல்வி வரும் வாயில்கள் மூன்று. நூல் ஒன்று, ஆசிரியர் மற்றொன்று, கற்றோர் கூடும் அவை மூன்றாவது. முன்னிரண்டையும் போற்றும் நாம் மூன்றாவதனை அத்துணைப் போற்றுவதில்லை. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர் அதனோடு அமைந்தாரல்லர். கேள்வி, அவையறிதல், அவையஞ்சாமை என்பனவற்றிற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார்.

"அறிஞர் உரைகளை இந்நாளில் கைப்பேசியிலேயே கேட்கலாமே, பொருளும் பொழுதும் செலவிட்டு மாநாட்டிற்குச் செல்வது எதற்கு?" என்று சிலர் வினவுவர். உரை கேட்டல் அவைப்பயனில் ஒரு கூறே. ஐயத்தை எழுந்து வினவுதலும், தன் கருத்துக்கு மறுப்பு வரின் சினவாது கேட்டலும், குறையைத் திருத்திக்கொள்ளுதலும் நேரிற் கூடியவிடத்தே நன்கு கைகூடும். மேலும், சிற்றூரில் தனித்திருந்து ஒரு துறையில் உழைப்பவன், 'இதில் கருத்துடையார் வேறு எவருமிலரோ?' என்று சோர்வடைதல் இயல்பு. தன்னைப்போல் உழைப்பார் நூற்றுவரை ஓரிடத்திற் கண்டால் அச்சோர்வு நீங்கும். ஊக்கம் நெஞ்சிலிருந்து நெஞ்சிற்குத் தொற்றும் இயல்பினது.

கணினியில் தமிழ் இடம்பெற்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1990-ஆம் ஆண்டினை அடுத்த காலத்தில், தமிழைக் கணினியில் ஏற்ற விரும்பிய ஆர்வலர் பலர் பல நாடுகளிலும் தனித்தனியே உழைத்தனர். எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் பலவாயின. ஒருவர் எழுதி அனுப்பிய மடலை மற்றொருவர் தம் கணினியில் திறந்தால், தமிழெழுத்திற்கு மாறாகப் பொருளற்ற குறிகள் தோன்றுவதுண்டு. அவர்பால் உழைப்பிற்குக் குறைவில்லை; உடன்பாடே இல்லாதிருந்தது.

இந்நிலையில், 1997-ஆம் ஆண்டு மே மாதத்தில், நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7, 8 ஆகிய நாள்களில் சென்னையில் அடுத்த மாநாடு நிகழ்ந்தது. அதன் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை உருவாயிற்று. தமிழ்நாட்டரசும் அவ்வாண்டே அதனை ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. ககர விசையையும் ஆகார விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் 'கா' பிறக்கும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்று சிறுவர் பள்ளியிற் பயிலும் இலக்கணமே கணினிக்கும் இலக்கணமாயிற்று.

அவ்விரண்டு நாள்களில் எல்லா வேற்றுமையும் ஒழிந்துவிடவில்லை. எழுத்துருச் சிக்கல், உலக மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான ஒருங்குறி பரவிய பின்னரே பெரிதும் தீர்ந்தது. ஆயினும், தான் அரிதின் முயன்று வகுத்த ஒன்றைப் பொதுநலங் கருதி விட்டுக்கொடுத்தல் வேண்டும் என்னும் பாடத்தை அறைக்குள் தனித்திருந்து கற்றல் அரிது. எதிரே அமர்ந்திருப்பாரின் உழைப்பையும் நேரிற் காணும்போதே அப்பாடம் உள்ளத்திற் பதியும். அடுத்து 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கூடியபோது, 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று. மாநாடு கலைந்தபின் ஊக்கமும் கலைந்துவிடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த ஏற்பாடு வேறில்லை.

எல்லா அவையும் இத்தகைய பயன் தருவன அல்ல. மாலையும் பொன்னாடையும் மாற்றிக்கொள்வதிலேயே பாதிப்பொழுது கழியும் கூட்டங்களும் உண்டு. புகழுரை மிகுந்து ஆராய்ச்சி அருகினால் அஃது அவையாகாது, ஆரவாரமே ஆகும். அவையினின்று மீண்டவன் மறுநாள் என்ன செய்தான் என்பதே அவ்வவையின் தகுதியை அளக்கும் கோல்.

மீண்டவன் செய்யத்தக்கது யாது? அதற்கு விடை திருவண்ணாமலை வட்டாரத்தைப் பாடிய பழந்தமிழ் நூலொன்றிலேயே உள்ளது. அண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம், பண்டு செங்கண்மா எனப்பட்டது. அதனை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் ஒன்று. கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையுற்று வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனை நன்னனிடம் ஆற்றுப்படுத்துகின்றான். தான் பெற்றதை ஒளித்துக்கொண்டு ஒதுங்கிச் செல்கின்றானல்லன். செல்லும் வழியையும், வழியிலுள்ள ஊர்களில் கிடைக்கும் விருந்தையும் கூறுகின்றான். அவற்றோடு, பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், தினைக்காவலர் எறியும் கவண்கல் முதலிய இடர்களையும் மறையாது உரைக்கின்றான்.

மாநாட்டினின்று மீள்பவன் அக்கூத்தனைப் போன்றிருத்தல் வேண்டும். கேட்ட கருத்துகளைக் குறித்துவைத்து, வர இயலாத நண்பர்க்கு உரைத்தல் வேண்டும். எளியவற்றோடு அரியவற்றையும் எடுத்துக்காட்டுதல் வேண்டும். கேட்டவற்றுள் ஒன்றையேனும் செய்து பார்த்தல் வேண்டும். பள்ளியில் நிகழும் சிறு மன்றக் கூட்டமும் ஓர் அவையே. அதில் இன்று நாணாது எழுந்து ஒரு வினா வினவும் மாணவன் நாளை உலக அவைகளில் நிற்பதற்குப் பழகுகின்றான். அவன் பெற்ற விடை அவனோடு நில்லாது மற்றொருவனுக்கும் வழிகாட்டும்போதே கல்வி நிறைவு பெறும்.