பதிலைப் படித்தோம், கேள்வியை விட்டுவிட்டோம்

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்கள் நம்மில் ஏராளம். அதோடு, சாமானிய மனிதனும் துன்பியலும் பற்றி 1949 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் மில்லர் எழுதிய கட்டுரையையும் படித்துவிடுகிறோம். அரசனுக்கு மட்டுமல்ல, மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவனுக்கும் துன்பியல் நாயகனாகும் தகுதி உண்டு என்பது அவர் வாதம். அதை மேடைகளில் எடுத்துச்சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். ஆனால், இந்தக் காலத்தில் துன்பியல் எழுதவே முடியாது என்று இருபது ஆண்டுகள் முன்பே வாதிட்டவர் ஒருவர் இருந்தார். அந்த ஜோசஃப் வுட் க்ரூட்சை நாம் தேடிப் படிக்கவில்லை.

பெயர் தெரிந்த சிலரும் ‘தி மாடர்ன் டெம்பர்’ எழுதிய அவநம்பிக்கைவாதி என்று சொல்லி முடித்துக்கொண்டோம். 1929இல் அந்த நூல் வந்தபோது அவருக்கு வயது 35. துன்பியலைப் பற்றிய அத்தியாயத்தில் ‘ஹாம்லெட்’டையும் இப்சனின் ‘கோஸ்ட்ஸ்’ நாடகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இரண்டும் அழிவில் முடிபவைதான். ஆனால் ஹாம்லெட் விழும்போதும் மனிதன் பெரியவன் என்ற எண்ணம் விழுவதில்லை. பரம்பரை நோய் முற்றி ‘கோஸ்ட்ஸ்’ நாடகத்தின் ஆஸ்வால்ட் சரியும்போது நெஞ்சு கனப்பதோடு சரி. மனிதனின் மேன்மையில் நம்பிக்கை போய்விட்டால் துன்பியலுக்கு உயிர் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். இதை மறுக்கலாம், மில்லரைப் போலப் பலமாகவே மறுக்கலாம். நாம் மறுக்கவுமில்லை.

அதைவிடப் பெரிய குறை, அவர் அந்த நூலோடு நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டது. 1924 முதல் 1952 வரை, சிறு இடைவெளி நீங்கலாக, ‘தி நேஷன்’ வார இதழின் நாடக விமர்சகர் அவர்தான். துன்பியல் செத்துப்போனது என்று எழுதிய இரண்டாண்டிலேயே, 1931 அக்டோபரில், யூஜின் ஓ’நீலின் ‘மோர்னிங் பிகம்ஸ் எலெக்ட்ரா’ நியூயார்க்கில் மேடையேறியது. கிரேக்கப் பழங்கதையை உள்நாட்டுப் போர் முடிந்த நியூ இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த மூன்று பாக நாடகம் அது. தன் வாதத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நோக்கம் என்றால், குறை கண்டுபிடிக்க க்ரூட்சுக்கு வழியா இல்லை? அவரோ மனம் திறந்து கொண்டாடினார். உலகின் மிகப் பெரிய நாடகங்களோடு ஒப்பிட்டால்தான் இதில் ஒரு குறை தெரியும், நிகழ்வின் உயரத்துக்கு ஈடான மொழி மட்டும் இதற்கு வாய்க்கவில்லை என்று நிறுத்து எழுதினார். ஓ’நீலின் ஒன்பது நாடகங்கள் 1932இல் ஒரே தொகுப்பாக வந்தபோது முன்னுரையும் அவருடையதே. தன் கோட்பாட்டுக்கு எதிராக ஒரு நாடகம் வந்து நிற்கும்போது நாடகத்தின் பக்கம் சாய்கிற விமர்சகர் நமக்கு எத்தனை பேர் கிடைத்திருக்கிறார்கள்? கிடைத்த ஒருவரையும் முத்திரை குத்தி ஓரமாக உட்காரவைத்தோம்.

மொழியின் குறை அவர் கண்ணுக்குத் தப்பாது. ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ வந்தபோது ஊரே புகழ்ந்தது. அதன் உரையாடலில் கவித்துவம் இல்லை, நினைவில் நிற்கும் பேச்சு இல்லை என்று அவர் எழுதினார். அந்தத் தீர்ப்பு கடுமையானது என்றே நான் நினைக்கிறேன். நாயகன் வில்லி லோமனின் தேய்ந்துபோன விற்பனைப் பேச்சுதானே அவனுடைய துயரம்! ஆனால் இந்த மறுப்பை அவர் உயிரோடிருந்த காலத்திலோ பிறகோ நாம் எழுத்தில் வைக்கவில்லை. நமக்குப் பிடித்த நாடகத்தைக் குறைசொன்னவரைப் படிக்காமலிருப்பது சுலபமாக இருந்தது.

அவர் ஊருக்குப் பயந்தவரும் அல்ல. பிறந்தது டென்னசியின் நாக்ஸ்வில்லில். 1925இல் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக அதே மாநிலத்தில் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் வழக்கு நடந்தபோது, நேஷனுக்காக டேட்டனுக்குப் போனார். பாமர மக்களைவிட, உண்மை தெரிந்தும் வாய்மூடியிருந்த படித்தவர்களைத்தான் அதிகம் சாடினார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நாடக இலக்கியப் பேராசிரியர். சாமுவேல் ஜான்சன், தோரோ இருவரின் வாழ்க்கையையும் எழுதியவர். 1952இல் எல்லாவற்றையும் விட்டு அரிசோனாவின் டூசானுக்குக் குடிபோய்ப் பாலைவனத்தின் செடிகொடிகளையும் பறவைகளையும் பற்றி எழுதினார். இயற்கையை நேசிப்பவர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள், நன்றாக வைத்துக்கொண்டார்கள். இலக்கியக்காரர்களான நாம்தான் கைகழுவினோம். 1954இல் வந்த ‘தி மெஷர் ஆஃப் மேன்’ நூலில் தன் இளவயது முடிவுகளை அவரே மறுபரிசீலனை செய்தார். மனிதனை வெறும் சூழலின் விளைபொருளாகக் காணும் உளவியலாளர் ஸ்கின்னரை எதிர்த்து, தேர்ந்தெடுக்கும் திறன் மனிதனுக்கு உண்டு என்று வாதிட்டார். தேசியப் புத்தக விருது கிடைத்த நூல் அது. அதன்பிறகும் நம் குறிப்புகளில் அவர் 1929லேயே நிற்கிறார்.

இனியாவது ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நடத்தும் ஆசிரியர்கள் மில்லரின் கட்டுரையோடு க்ரூட்சின் துன்பியல் அத்தியாயத்தையும், ஓ’நீல் பற்றி அவர் எழுதியதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாணவர்கள் வில்லி லோமனுக்காகத் தாராளமாக வாதாடட்டும். எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று தெரிந்துகொண்டு வாதாடட்டும்.