ஸ்டென்ட் வைத்த பிறகு காய்ச்சலா?

"அதான் ஸ்டென்ட் வெச்சாச்சே, இனிமே என்ன பயம்?" ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. நியாயம்தான். ஆனாலும் சகோதரிகளே, அடுத்த சில வாரங்களுக்கு நோயாளி மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டியது வீட்டிலிருக்கும் நம் பொறுப்பு.

இதய ரத்தக் குழாயில் அடைத்த இடத்தைப் பலூனால் விரித்து, அங்கே வைக்கும் மெல்லிய உலோக வலைதான் ஸ்டென்ட். 1986-ல் பிரான்சில் முதன்முதலாக மனிதருக்கு வைத்தார்கள். மார்பைத் திறப்பதில்லை, மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ சின்னத் துவாரம் போட்டு உள்ளே அனுப்புகிறார்கள். தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமி நுழைய அந்தத் துவாரம் போதும். அது ரத்தத்தில் கலந்து ஸ்டென்ட்டில் ஒட்டிக்கொண்டால், ரத்தக் குழாயின் சுவரே சீழ் பிடித்துப் பலவீனமாகிவிடும்.

இப்படி நடப்பது மிக மிக அபூர்வம். அதனால் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ளாதீர்கள். ஆனால், வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாரக் கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு ஆபரேஷனும் தேவைப்படும்.

கவனிக்க வேண்டியவை:

* துவாரம் போட்ட இடத்தைத் தினமும் பாருங்கள். லேசாகக் கன்றிப் போயிருப்பது சகஜம். சிவப்பு பரவுவது, சூடு, சீழ், நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம் இவை சகஜமல்ல. டிரிப்ஸ் ஏற்றிய இடத்தையும் பாருங்கள்.

* அந்த இடத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். எங்கள் மாமனாருக்கு வைத்தபோது, பார்க்க வந்த ஒரு பாட்டி மஞ்சள் பற்றுப் போடச் சொன்னார். "டாக்டர் ஈரம் படாம வெச்சிருக்கச் சொல்லியிருக்கார், பாட்டி" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டேன். துவாரம் ஆறும் வரை குளம், தொட்டிக் குளியலும் கூடாது.

* குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலோ, வீட்டிலேயே மாத்திரை கொடுத்து அடக்கி வைக்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் "ஸ்டென்ட் வெச்சிருக்கு" என்று சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னாலேயே ரத்தம் எடுத்து கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் கிருமி எளிதில் பிடிபடும். கூடவே நெஞ்சுவலியும் இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

* காய்ச்சல் வந்தது என்று, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

* சர்க்கரை வியாதி இருந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. சர்க்கரை ஏறினால் புண்ணும் ஆறாது, கிருமிக்கும் கொண்டாட்டம்.

பல் பிடுங்க வேண்டி வந்தால்? ஸ்டென்ட் இருக்கிற ஒரே காரணத்துக்காக முன்கூட்டியே ஆன்டிபயாடிக் சாப்பிட அவசியமில்லை. ஆனால் பல் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இதய டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்த தேதி, ஆஸ்பத்திரியில் கொடுத்த கார்டு, மாத்திரைப் பெயர்கள், டாக்டரின் போன் நம்பர், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு பீரோக் கதவில் ஒட்டி வையுங்கள். நாம் ஊருக்குப் போயிருக்கும் சமயத்தில் காய்ச்சல் வந்தாலும், வீட்டில் யாராவது எடுத்துக்கொண்டு ஓட வசதியாக இருக்கும்.