சாவி வாங்கியாச்சு... முதல் மழைக்குப் பிறகு யார் பொறுப்பு? புது ஃபிளாட்காரர்கள் கோட்டைவிடும் ‘5 ஆண்டு கெடு’

பால் காய்ச்சியாச்சு, ஸ்டேட்டஸும் போட்டாச்சு. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங் என்று இன்டீரியர்காரரிடம் சில லட்சங்களும் போயாச்சு. அதன் பிறகு வருகிறது முதல் ஐப்பசி மழை. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். பத்து நாளில் அது தாம்பாளம் அளவுக்கு விரிகிறது.

வாடகை வீட்டில் இருந்தவரை இதற்கு ஒரே பதில்தான்: “ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லு.” இப்போது ஹவுஸ் ஓனரே நாம்தானே என்று வீட்டுக்காரர் பெயின்டரைக் கூப்பிடுகிறார். சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து அனுப்பிவிடுகிறார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே ஈரம்.

சென்னை ஓஎம்ஆர், தாம்பரம், போரூர் பக்கம் புதிதாக ஃபிளாட் வாங்கிய பலருக்கும் பழக்கமான கதை இது. இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சுவரைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் வீடு வாங்கியவருடையதே இல்லை, கட்டிக்கொடுத்த பில்டருடையது. ஆனால் அதை அவர் தலையில் கட்டுவதற்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு சாவி வாங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

‘ரெரா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின் 14(3) பிரிவுதான் இங்கே முக்கியம். வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத் தரத்திலோ, பொருள்களின் தரத்திலோ, செய்துகொடுத்த வசதிகளிலோ குறை இருப்பதாக வாங்கியவர் சுட்டிக்காட்டினால், பில்டர் கூடுதல் பணம் கேட்காமல் 30 நாள்களுக்குள் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் வாங்கியவர் இழப்பீடு கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான புகாரை தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொண்டுபோகலாம்.

தூண், பீம் விரிசல்விட்டால் மட்டும்தான் பில்டர் பொறுப்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. குளியலறை ஒழுகல், வெளிச்சுவர் வழியாக இறங்கும் மழைநீர், பொங்கி எழும் டைல்ஸ் ஆகியவையும் வேலைத் தரக் குறை என்ற வகைக்குள் வரும்.

பிரச்சினை, அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில். “சைட் இன்ஜினீயர்கிட்ட அன்னைக்கே சொன்னேனே” என்பது ஆதாரம் ஆகாது. அந்த இன்ஜினீயர் ஆறு மாதத்தில் வேறு புராஜெக்டுக்குப் போய்விடுவார்; அவரோடு அந்தப் பேச்சும் போய்விடும். பில்டரின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு, தேதி தெரியும் போட்டோக்களுடன், எந்த அறை, எந்தச் சுவர், எப்போதிலிருந்து என்று எழுதி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் பதிவுத் தபால். முப்பது நாள் கணக்கு அதிலிருந்துதான் ஆரம்பம்.

இன்டீரியர் முதலா, மழை முதலா?

புது வீட்டுக்காரர் எடுக்கும் முடிவுகளில் அதிக விலை கொடுக்கவைப்பது இதுதான். சாவி கிடைத்த மறுவாரமே இன்டீரியர் வேலை தொடங்கிவிடுகிறது. வாடகையும் இஎம்ஐயும் சேர்த்துக் கட்டும் நிலையில் அவசரம் புரிகிறது. ஆனால் அந்த வேலையில் குளியலறை டைல்ஸை மாற்றுகிறார்கள், ஏசி குழாய்க்கு வெளிச்சுவரைத் துளைக்கிறார்கள், சமையலறையில் தண்ணீர் லைனை இடம் மாற்றுகிறார்கள். பின்னர் கசிவு வந்தால் பில்டர் தரப்பின் முதல் வாதம் தயார்: “உங்க இன்டீரியர் ஆளுங்க கை வெச்சதாலதான் சார் வந்துச்சு.” உண்மையோ பொய்யோ, அதை மறுக்க வேண்டிய சுமை வீட்டுக்காரர் மேல் விழுந்துவிடும்.

ஆகவே வரிசையை மாற்றுவது நல்லது. வேலை தொடங்கும் முன்பே வீடு முழுக்க வீடியோ எடுத்து, குறைப் பட்டியல் தயாரித்து பில்டருக்கு அனுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு குளியலறையிலும் வடிகால் ஓட்டையை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுவைத்து, கீழ் வீட்டு சீலிங்கைப் போய்ப் பார்க்கலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையைக் கீழ் வீட்டில் யாரும் குடிவராத நாள்களில் செய்வது இன்னும் எளிது.

ஃபால்ஸ் சீலிங் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை தேவை. முடிந்தால் ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பொறுக்கலாம். மேலே ஒழுகுவதை அது மாதக்கணக்கில் மறைத்துவிடும். ஜிப்சம் பலகை ஊறிக் கீழே தொங்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

பெயின்டரைக் கூப்பிடும் முன்பு ஈரத்தைக் கொஞ்ச நாள் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மழை பெய்தால் மட்டும் வந்து, வெயிலில் காய்ந்துபோகிறதா? வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய இடைவெளி, மொட்டை மாடித் தட்டோடு — இவற்றில் ஒன்றாக இருக்கலாம். மழையே இல்லாத மாசியிலும் குளியலறையை ஒட்டிய சுவர் நசநசவென்று இருக்கிறதா? குளியலறைத் தளத்துக்குக் கீழே நீர்த்தடுப்புப் பூச்சு சரியில்லை என்று சந்தேகிக்கலாம். இரவும் பகலும் ஒரே மாதிரி ஈரமாகவே இருந்தால், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயைப் பார்க்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வீட்டின் வாட்டர் மீட்டரைப் பார்த்தால், அப்போதும் முள் நகர்கிறதா என்பதில் தெரிந்துவிடும். தரைத் தளத்தில் சுவரின் அடிப்பகுதியில் மட்டும் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்தால், அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம்.

இந்த நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. உள்பக்கம் வாட்டர் புரூஃப் பெயின்ட் அடிப்பது எதற்குமே வைத்தியம் இல்லை. சில மாதங்களுக்குக் கண்ணில் படாமல் வைக்கும், அவ்வளவுதான். பில்டரின் ஆள்களும் பல நேரம் இதைத்தான் செய்துவிட்டு ‘புகார் முடிக்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்வார்கள். என்ன வேலை செய்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது அதனால்தான் அவசியம்.

விரிசலுக்கும் இப்படி ஒரு எளிய வழி உண்டு. பூச்சில் தலைமுடி அளவுக்கு வரும் கோடுகள் புதுக் கட்டடத்தில் சகஜம். விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைக்கலாம். மூன்று மாதத்தில் விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டினாலோ, அகலமானாலோ, பீம் அல்லது தூணில் தொடர்ந்தாலோ கொத்தனாரிடம் காட்டிப் பூசவிடக் கூடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்து வந்து அறிக்கை வாங்க வேண்டும். பின்னால் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் அந்த அறிக்கை கைகொடுக்கும்.

சின்ன அபார்ட்மென்ட்காரர்கள் என்ன செய்வது?

ரெரா பதிவு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் இல்லை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் விலக்கு உண்டு. நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டை தெருக்களில் பழைய தனி வீட்டை இடித்துவிட்டு எழும் ஆறு வீட்டு, எட்டு வீட்டு அபார்ட்மென்ட்கள் இந்த இடைவெளிக்குள் வந்துவிடும். இவற்றை வாங்குபவருக்குக் கட்டுமான ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் உத்தரவாதம்தான் முதல் ஆயுதம். அதில் எத்தனை ஆண்டு, எதற்கெல்லாம் பொறுப்பு என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்தாக வேண்டும். அடுத்த வழி நுகர்வோர் ஆணையம். அங்கே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ‘பார்க்கலாம், பேசலாம்’ என்று இழுத்தடிக்க அவ்வளவு நேரம் கிடையாது.

இஎம்ஐ குறைந்தால் அந்தப் பணம் எங்கே போகிறது?

பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு 2025 ஒரு பதிலை வைத்தது. அந்த ஒரே ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. 20 ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொண்டால், 8.75 சதவீத வட்டியில் இஎம்ஐ சுமார் 44,186 ரூபாய். வட்டி 7.5 சதவீதமானால் சுமார் 40,280 ரூபாய். மாதம் ஏறக்குறைய 3,900 ரூபாய் வித்தியாசம்.

பல வங்கிகள் இஎம்ஐயைத் தொடாமல் தவணைக் காலத்தைக் குறைத்துவிடும். வட்டியை மிச்சப்படுத்த அதுவே சிறந்த வழி என்று நிதி ஆலோசகர்கள் சொல்வார்கள், கணக்குப்படி சரிதான். ஆனால் சேமிப்பு முழுவதையும் முன்பணத்திலும் இன்டீரியரிலும் கரைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு நிலைமை வேறு. போர்வெல் மோட்டார் எரிந்துபோனதற்கும் கீசர் வெடித்ததற்கும் 36 முதல் 40 சதவீத வட்டியில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதைவிட, ஓராண்டுக்காவது அந்த 3,900 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய தனிநபரிடம் முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே வருட முடிவில் மிஞ்சியதைக் கடனில் கட்டிவிடலாம்.

‘மெயின்டனன்ஸ் கம்மி’ — சந்தோஷப்படலாமா?

விற்கும்போது பில்டர் சொல்லும் பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் காவலாளி, துப்புரவு, லிஃப்ட், பொது மின்சாரம் ஆகியவற்றுக்கான அன்றாடச் செலவு. ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய செலவுகள் அதில் இருக்காது. அறுபது வீடுள்ள அபார்ட்மென்டில் வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்க 18 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 30,000 ரூபாய். ஆறு ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 420 ரூபாய்கூட வராது. அதைச் சேர்க்காத சங்கத்தில்தான், திடீரென்று “ஆளுக்கு முப்பதாயிரம்” என்று வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்து சண்டை தொடங்குகிறது.

மின் கட்டணத்திலும் ஒரு அதிர்ச்சி உண்டு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பொது இணைப்புக்கு அது கிடையாது, கட்டணப் பிரிவும் வேறு. பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 2023 அக்டோபரில் அரசு இதைக் குறைத்தது. அந்த வகையில் வரும் சின்ன அபார்ட்மென்ட்கள் தங்கள் பில் சரியான பிரிவில்தான் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம். பெரிய குடியிருப்புகளுக்கு வேறொரு எல்லைக்கோடு: மாதக் கட்டணம் வீட்டுக்கு 7,500 ரூபாயையும், சங்கத்தின் ஆண்டு வருவாய் 20 லட்சத்தையும் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி.

கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இந்தச் சங்கத்தின் முதல் கூட்டத்துக்குத்தான் யாரும் போவதில்லை! ‘யாராவது ரிட்டயர்டு அங்கிள் பாத்துப்பார்’ என்று விட்டுவிடுகிறார்கள். பில்டர் வசூலித்த கார்பஸ் நிதி, முன்கூட்டியே வாங்கிய பராமரிப்புப் பணத்தின் கணக்கு, கட்டட நிறைவுச் சான்றிதழ், லிஃப்ட் உரிமம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான அனுமதி, ஜெனரேட்டர், மோட்டார் உத்தரவாத அட்டைகள், குழாயும் வயரும் எந்தச் சுவரில் போகின்றன என்று காட்டும் வரைபடங்கள் — இவையெல்லாம் கைமாறுவது அந்தக் காலகட்டத்தில்தான். கடைசியாகச் சொன்ன வரைபடம் இல்லாமல் எட்டாம் ஆண்டில் ஒரு கசிவைத் தேடினால், பாதிச் சுவரைக் கொத்த வேண்டியிருக்கும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 கடந்த 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், சங்கம் என்பது இனி நான்கு பேர் சேர்ந்து நடத்தும் நலச் சங்கம் மட்டும் இல்லை. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பிற்காலத்தில் கட்டடத்தையே இடித்துக் கட்டும் முடிவையும் அங்கே எடுக்கலாம்.

காப்பீடு: கடனுக்கா, வீட்டுக்கா?

“லோன் போடும்போதே இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு” என்பவர்களில் பலர் எடுத்திருப்பது கடன்தாரர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் புகுந்த மாதிரி தண்ணீர் வந்தால் அது உதவாது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கத்துக்கு 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. லிஃப்ட் குழி, மின் பேனல், ஜெனரேட்டர் ஆகியவை பொதுச் சொத்து என்பதால் அவற்றுக்குச் சங்கம்தான் தனியாக எடுக்க வேண்டும்.

பழைய ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கும் அந்த ஐந்தாண்டுக் கெடு பயன்படுமா? பயன்படலாம். முதலில் ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து விற்பனை மூலம் வாங்குபவரையும் ரெரா சட்டம் ஒதுக்கீடு பெற்றவராகவே கருதுகிறது. ஆனால் கெடு புதிதாகத் தொடங்காது. பில்டர் முதல் உரிமையாளருக்குச் சாவி கொடுத்த தேதிதான் கணக்கு. மூன்று ஆண்டு பழைய வீடு என்றால் மிச்சம் இருப்பது இரண்டு ஆண்டு. ஆகவே விற்பவரிடம் வில்லங்கச் சான்றிதழ், சொத்து வரி ரசீதுடன், அந்த ஒப்படைப்புக் கடிதத்தின் நகலையும் இதுவரை பில்டருக்கு அனுப்பிய புகார் மின்னஞ்சல்களையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.