ஐரிஷ் கேக்கில் மது வேண்டுமா?

மார்ச் 17 புனித பேட்ரிக் திருநாள். அயர்லாந்து மக்களுக்கு அது தங்கள் பாதுகாவலரின் பெருவிழா. 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அது பொது விடுமுறை. பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கோ மார்ச் என்றாலே அரசுத் தேர்வுக்குப் பயந்து நடுங்கும் மாதம்! இருந்தாலும் அந்தத் திருநாளைப் பற்றி எழுதத் துணிந்தோம். காரணம் ஒரு கேக்.

அயர்லாந்தில் அன்று காலை ஷாம்ராக் என்னும் மூவிலைச் செடியின் சிறு கொத்தை ஆடையில் குத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் திருப்பலிக்குச் செல்வார்கள். பிறகு ஊர்வலம், அதன்பின் வீட்டில் விருந்து. திருநாளோ தவக்காலத்தில் வருகிறது. மிட்டாயும் சாக்லேட்டும் வேண்டாம் என்று ஒறுத்தல் செய்யும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் மட்டும் விலக்கு உண்டு என்பது அங்கே நெடுநாளைய வழக்கம். (மறுநாள் காலை மீண்டும் தவக்காலம்தான். எங்கள் தம்பிமார் இதைக் கவனிக்க!) வாரக்கணக்கில் காத்திருந்த பிள்ளையின் தட்டில் அன்று விழும் சாக்லேட் கேக் எப்படி ருசித்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இன்று "ஐரிஷ் சாக்லேட் கேக்" என்று செய்முறை கேட்டால் என்ன சொல்கிறார்கள்? மாவில் ஸ்டௌட் என்னும் கறுப்பு பீரை ஊற்ற வேண்டுமாம். மேலே பூசும் கிரீமில் விஸ்கி கலந்த மதுவைச் சேர்க்க வேண்டுமாம். இவை இல்லாவிட்டால் அது ஐரிஷ் கேக்கே அல்லவாம்! இதைத்தான் நாங்கள் மறுக்கிறோம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். போதைக்காக யாரும் ஸ்டௌட்டை மாவில் சேர்ப்பதில்லை. அதிலுள்ள வறுத்த பார்லியின் கசப்பு, கோக்கோவின் மணத்தை எடுப்பாக்குகிறது. "அடுப்பில் வெந்தால் மது ஆவியாகிவிடும்" என்றும் சமாதானம் சொல்வார்கள். முழுவதும் போவதில்லை. அரை மணி நேரம் வெந்த பிறகும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. பீரில் மதுவின் அளவே குறைவு என்பதால் கேக்கில் எஞ்சுவது சொற்பம்தான். ஆனால் அடுப்பையே காணாத கிரீமில் ஊற்றியது ஊற்றியபடியே இருக்கிறதே! அதைச் சின்னப் பிள்ளைகளின் தட்டில் வைக்கலாமா?

பிள்ளைகள் மட்டுமா? எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், குடியை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்த கேக்கை எல்லோருக்கும் கொடுத்தார். அந்தப் பெரியவர் தம் துண்டை வாயருகே கொண்டுபோய் நிறுத்தி, "இதிலே என்ன சேர்த்திருக்கு?" என்று மெல்லக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். பண்டிகை நாளில், தம் சொந்த வீட்டில், ஒருவர் பயந்து பயந்து சாப்பிட வேண்டுமா? கொண்டுவந்தவர் கெட்டவர் அல்லர். அவர் அதை யோசிக்கவில்லை, அவ்வளவே.

ஐரிஷ் மக்கள் என்றாலே குடி என்பது பிறர் குத்திய முத்திரை. அதே நாட்டின் கார்க் நகரில்தான் 1838ஆம் ஆண்டு தியோபால்டு மேத்யூ என்னும் கப்புச்சின் சபைக் குருவானவர் மதுவிலக்கு இயக்கத்துக்குத் தலைமையேற்று, இலட்சக்கணக்கானவர்களிடம் உறுதிமொழி வாங்கினார். 1927 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புனித பேட்ரிக் திருநாளன்று மதுக்கடைகள் சட்டப்படி மூடியே கிடந்தன. கேக்கில் மதுவை ஊற்றி "இதுதான் அயர்லாந்து" என்பவர்களுக்கு இதெல்லாம் தெரியுமோ என்னவோ!

அப்படியானால் எதைத்தான் சேர்ப்பது? உருளைக்கிழங்கை! தோழியரே, சிரிக்க வேண்டாம். வேகவைத்து மசித்த கிழங்கைச் சேர்த்துச் செய்யும் சாக்லேட் கேக் ஒன்று ஐரிஷ் பெயரோடு வழங்கத்தான் செய்கிறது. ஏழை ஐரிஷ் மக்கள் கிழங்கை நம்பியே வாழ்ந்தார்கள். 1845இல் அந்தச் செடிகளில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் நோயாலும் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார்கள். அந்த நாட்களிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1842இல், பிரசென்டேஷன் சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து, இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் கல்விப் பணியைத் தொடங்கியிருந்தார்கள். பஞ்ச காலத்தில் ஊரிலிருந்து வந்த கடிதங்களை அவர்கள் எப்படித்தான் பிரித்துப் படித்தார்களோ! அந்தக் கிழங்கைவிட ஐரிஷ் கேக்குக்கு உரிமையுள்ள பொருள் வேறென்ன இருக்கிறது?

நாங்களும் செய்து பார்த்தோம். ஒன்றரைக் கோப்பை மைதா, அரைக் கோப்பை மசித்த கிழங்கு, அரைக் கோப்பை கோக்கோ, ஒரு கோப்பை சர்க்கரை, மூன்று முட்டை, 100 கிராம் வெண்ணெய், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். பீருக்குப் பதிலாகக் கால் கோப்பை காப்பி டிகாக்ஷன். கசப்புக்குக் கசப்பு, மணத்துக்கு மணம்! முதல் தடவை கிழங்கைச் சூட்டோடு போட்டதில் வெண்ணெய் உருகி, கேக் எழும்பாமல் சப்பையாகிவிட்டது. (அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!) மறுதடவை ஆறவைத்து, கட்டியில்லாமல் மசித்துச் சேர்த்தோம். கிழங்கிலுள்ள மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பது உண்மைதான். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தபோதும் கேக் மிருதுவாகவே இருந்தது.

மேலே சொன்ன வீட்டுக்கும் ஒரு தட்டு அனுப்பினோம். "கிழங்கும் காப்பியும் சேர்த்தது. வேறொன்றும் இல்லை" என்று சீட்டு எழுதி வைத்தோம். மாலையில் தட்டு நான்கு கொய்யாப் பழங்களோடு திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் அந்தப் பெரியவரேதான்.