மாற்று யந்திரம் பெயரளவில் போதுமா?

2021-ம் வருஷம் பிப்ரவரி 24-ந் தேதி முற்பகல் 11.40 மணி சுமாருக்கு மும்பை நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் வியாபாரம் நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்தன. அதையொட்டிக் கணக்குகளைச் சேமிக்கும் சாதனமும் செயலற்றது. பிற்பகல் 3.45-க்குத்தான் வியாபாரம் மீண்டும் தொடங்கிற்று. இத்தகைய ஆபத்துக்கென்றே சென்னையில் அந்த ஸ்தாபனத்துக்கு ஒரு மாற்று நிலையம் இருந்தது. ஆயினும் அன்று வியாபாரம் சென்னைக்கு மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று செபி விளக்கம் கேட்டது. ஜனங்களின் பணத்தைக் கையாளும் ஒவ்வொரு ஸ்தாபனத்தையும் நாம் இன்று கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

கலசப்பாக்கத்தில் பங்கு வியாபாரம் செய்வோர் எத்தனை பேர் என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆனால் பட்டுத் தறியில் உழைப்பவனின் கூலி இன்று வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. சந்தையில் அவன் காய்கறிக்குக் கொடுக்கும் பணமும் கைபேசி வழியே போகிறது. 2020 நவம்பர் 21-ந் தேதி எச்.டி.எப்.சி. வங்கியின் பிரதான கணினி நிலையத்தில் மின்சாரம் தவறியபோது பணப் பட்டுவாடாவே தடைப்பட்டது. ரிசர்வ் வங்கி தலையிட்டு, அவ்வங்கியின் புதிய டிஜிட்டல் திட்டங்களை நிறுத்திவைக்கும்படி உத்தரவிட்டது. செல்வந்தனுக்கு இது அசௌகரியம். அன்றாடங்காய்ச்சிக்கோ அன்று அடுப்பு எரியாது.

மாற்று ஸர்வரை விலைக்கு வாங்கி வைப்பது சுலபம். அதில் கணக்கு பிசகாமல் இருப்பதுதான் கஷ்டம். பிரதான யந்திரத்தில் பதிவாகும் ஒவ்வொரு வரவும் செலவும் அந்த க்ஷணமே மாற்றிலும் பதிவாக வேண்டும். சுமார் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையத்தின் பதிலுக்காக ஒவ்வொரு முறையும் காத்திருந்தால் வேலை தாமதப்படும். காத்திராவிட்டால் கடைசிப் பதிவுகள் சில வழியிலேயே தொலையும். அதனால்தான் அருகிலும் ஒரு பிரதி வைக்கிறார்கள். பிரதான யந்திரம் செத்ததா, மயங்கியதா என்று தெரியாமல் மாற்று எழுந்துவிட்டாலோ, ஒரே உறையில் இரண்டு வாள் என்ற கதையாகி, ஒரே தொகை இரு முறை பட்டுவாடாவாகலாம். நிர்வாகிகளின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆனால் தயக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 'உடனே' என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது வக்கீல்கள் அறிந்ததே. ஆகவே 2021 மார்ச்சில் செபி நிமிஷக் கணக்கே விதித்தது: 30 நிமிஷத்துக்குள் விபத்தென்று அறிவிக்க வேண்டும், 45 நிமிஷத்துக்குள் மாற்று நிலையத்திலிருந்து வேலை நடக்க வேண்டும். 2024 மார்ச் 2-ந் தேதியும் மே 18-ந் தேதியும் சனிக்கிழமைகளில், மெய்யான வியாபாரத்தையே மாற்று நிலையத்திலிருந்து நடத்திப் பார்த்தார்கள். இதை நாம் வரவேற்கிறோம். எனினும் 2025 அக்டோபர் 28-ந் தேதி எம்.சி.எக்ஸ். சந்தை நின்றபோது, மாற்று நிலையத்திலிருந்து வியாபாரம் தொடங்கப் பிற்பகல் 1.25 ஆயிற்று. காலை 9 மணி எங்கே, 1.25 எங்கே! முன்கூட்டி நாள் குறித்து நடத்தும் ஒத்திகை, சொல்லாமல் வரும் விபத்துக்குப் போதாது என்பது கண்கூடு.

வங்கிகளும் ஒத்திகை நடத்த வேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அதன் பலன் என்னவென்று பணம் போட்டவனுக்கு யார் சொல்கிறார்கள்? ஒவ்வொரு வங்கியும் எந்நாள் மாற்று ஸர்வரில் முழு வேலை நடத்திற்று, மாற எத்தனை நிமிஷம் பிடித்தது, எத்தனை பதிவுகள் தவறின என்பதை வருஷாந்தர அறிக்கையில் பிரசுரிக்கும்படி ரிசர்வ் வங்கி கட்டளையிட வேண்டும். நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேள்வியாக எழுப்புவார்களாக.