சொல் இருக்கச் சோர்வு ஏன்?

குழந்தை நோய்களைச் சுட்டத் தமிழில் சொல் இல்லையெனத் தமிழாசிரியரே பேசுவது வியப்பே! 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அன்னியருக்கு இயன்றது நமக்கு இயலாதோ?

கக்குவான், பொன்னுக்கு வீங்கி எல்லாம் பாட்டிமார் அறிந்த சொற்களே. குறை நம்மிடம். ஜொகூரில் நம்மவர் பலர், குழந்தையின் மேனியில் எது தடித்தாலும் 'அம்மை' என்று வேப்பிலை செருகிவிடுகின்றனர். மலாய்மொழி 'சம்பாக்', 'சாச்சார் ஆயர்' எனப் பிரித்துரைக்கிறது. தமிழிலும் தட்டம்மை வேறு, சின்னம்மை வேறு. நீர்க்கொப்புளம் எழுவது சின்னம்மை. தட்டம்மையோ நுரையீரலைத் தாக்கும், கண்ணொளியையும் பறிக்கும், தடுப்பூசி உண்டு.

மருத்துவர்முன் பாட்டிக்காக மொழிபெயர்ப்பவன் நம் மாணவனே. உவமைத்தொடர்களை ஒப்பிக்கும் அவனுக்கு இவ்விரு சொற்களைக் கற்பிக்க யார் தடை?