விளக்கின் அடியில் இருள்

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் தவறாது எழுதப்படும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று ‘கைப்பேசியின் நன்மை தீமைகள்’ என்பதாகும். மாணவர் முன்னுரை எழுதுகின்றனர். நன்மைகளைச் சில பத்திகளிலும் தீமைகளைச் சில பத்திகளிலும் அடுக்குகின்றனர். அளவறிந்து பயன்படுத்தினால் நலமே விளையும் என்று முடிவுரை கூறி நிறைவு செய்கின்றனர். அக்கட்டுரைகளைத் திருத்த அமர்கின்றார் ஆசிரியர். மேசைமீது அவருடைய கைப்பேசி கிடக்கின்றது. முதற் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அஃது அதிர்கின்றது. சிவப்பு மைக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்கின்றார். தீமைகளைக் கூறும் பத்தி அவருக்காகக் காத்துக் கிடக்கின்றது.

இக்காட்சி நகைத்துவிட்டுப் போகக்கூடியதன்று. கைப்பேசியால் மாணவர் கெடுகின்றனர் என்னும் குரல் பள்ளிச் சபைகூடலிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் ஓங்கி ஒலிக்கின்றது. பேசுவோர் பெரியவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பது பிள்ளை. அப்பிள்ளை அப்பழக்கத்தை யாரிடமிருந்து கற்றது என்று வினவுவார் எவருமிலர். உண்ணும்போது திரையைப் பார்க்கும் தந்தையையும், பேசும்போது திரையைப் பார்க்கும் தாயையும், பாடவேளையிலேயே திரையைப் பார்க்கும் ஆசிரியரையும் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, அது தீய பழக்கம் என்று வாயால் உரைப்பதால் என்ன பயன்? கைப்பேசியால் விளைந்த கேட்டிற்கு முதலில் விடை கூற வேண்டியவர் பெரியோர். அவருள்ளும் முதற்பொறுப்பு ஆசிரியருடையது.

இதனை உணர அண்மைக்கால வரலாறே போதும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன; பின்னர் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் தொடங்கியது. பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடாதீர் என்று அதுவரை பெற்றோரை எச்சரித்து வந்த பள்ளிகளே, கைப்பேசி இன்றேல் பாடமில்லை என்று கூறும் நிலை வந்தது. மடிக்கணினி வாங்க வழியற்ற குடும்பங்கள் கடன்பட்டுக் கைப்பேசி வாங்கின. ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் மூவர் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகளும் உண்டு. அது காலத்தின் கட்டாயம். அதற்காகப் பள்ளிகளைப் பழித்தல் தகாது. ஆயின், பள்ளிக் கதவுகள் மீண்டும் திறந்தபின் நடந்தது என்ன? இணைய வகுப்பில் சேர்வது எப்படி, எழுதிய பாடத்தைப் படமெடுத்து அனுப்புவது எப்படி என்றெல்லாம் பொறுமையோடு கற்பித்த பள்ளி, பணி முடிந்ததும் கருவியைக் கீழே வைப்பது எப்படி என்பதைக் கற்பிக்கவில்லை. கற்பிக்காத பாடத்தில் மாணவர் தேறவில்லை என்று சினங்கொள்வது எவ்வகை நீதி?

பெருந்தொற்று தணிந்தது, அது விட்டுச் சென்ற பழக்கம் தணியவில்லை. வீட்டுப்பாடம் இன்றும் பல வகுப்புகளில் புலனக் குழுவின் வழியே வருகின்றது. அதுவும் எப்பொழுது? இரவு 9 மணிக்கும் 10 மணிக்கும். மறுநாள் கொண்டுவர வேண்டிய பொருள், மனனம் செய்ய வேண்டிய செய்யுள், சோதனை பற்றிய நினைவூட்டல் ஆகிய அனைத்தும் அந்நேரத்தில் வந்து விழுகின்றன. இரவுப் பணிக்குச் சென்ற தாய் அதனைக் காண்பதில்லை. உறங்கச் சென்ற பிள்ளை எழுப்பப்படுகின்றது. கைப்பேசியைப் பிள்ளையிடமிருந்து பிரிக்க விரும்பும் தந்தை, ‘சார் பாடம் அனுப்பியிருப்பார்’ என்னும் ஒரு சொல்லுக்கு முன் வாயடைத்துப் போகின்றார். வீட்டுப்பாடம் கைப்பேசிக்குள் இருக்கும்வரை, கைப்பேசியைத் தொடாதே என்று கூறும் தகுதி பள்ளிக்கு இல்லை. கரும்பலகையில் எழுதி, மாணவர் தம் குறிப்பேட்டில் படியெடுத்துச் சென்ற பழைய முறையில் என்ன குறை கண்டனர்? ஆசிரியர்க்கு ஐந்து நிமிடம் மிச்சமாகின்றது என்பதனைத் தவிர வேறு ஆதாயம் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து, ஆராயாது பகிரும் பழக்கத்தைக் காண்போம் எனின், அங்கும் கற்றோரே முன் நிற்கின்றனர். திருநள்ளாற்றுக் கோவிலுக்கு மேலே செல்லும் செயற்கைக்கோள்கள் செயலிழந்து நின்றுவிடுகின்றன என்னும் கதை எத்தனை ஆண்டுகளாகப் புலனக் குழுக்களில் உலா வருகின்றது! அதனை அனுப்புவோருள் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியரும் உளர். பெருந்தொற்றுக் காலத்தில் மஞ்சளும் பூண்டும் வெந்நீரும் நோயைக் குணமாக்கும் என்று வந்த செய்திகளுக்குக் கணக்கில்லை. இக்கேட்டைக் கண்டு, புலனத்தை நடத்தும் நிறுவனமே 2019ஆம் ஆண்டில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவர்க்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் பகிர இயலாதவாறு உலகெங்கும் வேலி இட்டது. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்று 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வேலியை மேலும் இறுக்கியது. வணிக நிறுவனத்திற்குத் தோன்றிய அச்சம், 423ஆம் குறளை வகுப்பில் விளக்கும் தமிழாசிரியர்க்குத் தோன்ற வேண்டாவா? காலையில் அக்குறளுக்குப் பொருள் கூறிவிட்டு, மாலையில் யாரோ எழுதிய பொய்யை ஐம்பது பெற்றோர்க்கு அனுப்புவாராயின், மாணவர் எதனைப் பின்பற்றுவர்? குறளையா, குழுவையா?

தமிழுக்கே நேரும் தீங்கு இவற்றினும் பெரிது. தமிழாசிரியர் சிலர் தமிழ்ச் செய்தியை உரோமன் எழுத்தில் எழுதி அனுப்புகின்றனர். உரோமன் எழுத்தில் லகர ளகர வேறுபாடு இல்லை. ணகர நகர னகரம் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. நாளை பள்ளிக்கு விடுமுறை என்று ஆசிரியர் எழுதுவதைப் பல்லிக்கு விடுமுறை என்றும் படிக்கலாம். சொல்வதெழுதலில் ஒரு ளகரம் பிழைத்தால் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர், தம் கைப்பேசியில் எல்லா ளகரத்தையும் ஒருசேரக் கைவிடுகின்றார். ஆசிரியர் அனுப்பும் செய்தியைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே படிக்கின்றனர். வகுப்பில் மட்டும் தமிழெழுத்து, வாழ்வில் உரோமன் எழுத்து என்னும் பாடத்தைப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்கின்றது.

தமிழில் தட்டச்சு செய்தல் கடினம் என்னும் சாக்கு, மலேசியத் தமிழர் வாயிலிருந்து வரவே கூடாத ஒன்றாகும். கணினியில் தமிழை எழுத 1980களிலேயே முரசு அஞ்சலை உருவாக்கியவர் இம்மண்ணின் முத்து நெடுமாறன். கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்த அவருடைய செல்லினம், 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமாக்கப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. ஒரே மெய் இரட்டித்து வரின் புள்ளி தானே விழும். அதனையும் கற்க மனமில்லாதவர், உரோமன் எழுத்தில் ஒலிப்பை உள்ளிட்டாலே தமிழெழுத்து தோன்றும் முறையும் உண்டு. உள்ளங்கையில் வந்து நின்ற வசதியைத் தமிழாசிரியரே தொடாது தள்ளுவாராயின், வேறு யார் தொடுவார்?

இனி வகுப்பறைக்குள் வருவோர் காண்பது யாது? மாணவர் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவருதல் மலேசியப் பள்ளிகளில் தடுக்கப்பட்டுள்ளது. பள்ளியில் மாணவர் கைப்பேசியைப் பயன்படுத்துவதைத் தடுத்துப் பிரான்சு நாடு 2018ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. யுனெஸ்கோ 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, கைப்பேசியால் கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் ஊன்றுவதற்கு 20 நிமிடம் வரை ஆகலாம் என்று கூறியது. தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடமே. இக்கணக்கு மாணவர்க்கு மட்டுமா பொருந்தும்? பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் ஆசிரியர் ஒருமுறை திரையை நோக்கினால், அறுந்த பாடத்தை அவரும் தேடவேண்டும்; அவரையே நோக்கியிருந்த முப்பது பிள்ளைகளும் தேடவேண்டும். சட்டம் மாணவர் பையைச் சோதிக்கின்றது. ஆசிரியர் மேசையைச் சோதிக்க மனச்சான்றைத் தவிர வேறு அதிகாரி இல்லை.

இவ்வாறு கூறுங்கால் மறுப்பு எழுவது இயல்பே. கைப்பேசி இன்றி இன்று எவ்வாறு வாழ்வது? அகராதியும் அதில் உள்ளது. 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் வழியாகப் பழந்தமிழ் நூல்கள் பலவும் அதில் விலையின்றிக் கிடைக்கின்றன. நல்ல நூலகம் இல்லாத தோட்டப்புறப் பள்ளிக்கு அது நூலகமாகவே விளங்கும் என்பர். முற்றிலும் உண்மை. கைப்பேசியைக் குப்பையில் எறியுமாறு அறிவுடையோர் எவரும் கூறார். ஆயின், அந்நூலகத்தின் கதவை அன்றாடம் திறப்போர் எத்தனை பேர்? ஒவ்வொரு செயலியிலும் எத்தனை மணி நேரம் கழிந்தது என்று காட்டும் பகுதி, 2018ஆம் ஆண்டு முதல் கைப்பேசிகளுக்கு வரத் தொடங்கியது. மாணவரைக் கண்டிக்கும் முன் ஆசிரியர் தம் கைப்பேசியில் அப்பகுதியைத் திறந்து பார்க்கட்டும். அகராதிக்கும் நூலுக்கும் எத்தனை நிமிடம், வேடிக்கைக் காணொளிக்கும் வீண்பேச்சிற்கும் எத்தனை நிமிடம் என்பதை அது மறைக்காது காட்டும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கவை யாவை? அரியவை ஒன்றும் இல்லை. வகுப்பிற்குச் செல்லும்போது கைப்பேசி ஆசிரியர் அறை இழுப்பறையில் இருக்கட்டும். வீட்டுப்பாடம் கரும்பலகைக்குத் திரும்பட்டும். பெற்றோர் குழுவில் மாலை 6 மணிக்குப் பின் செய்தி அனுப்புவதில்லை என்று பள்ளி ஒருமித்து முடிவெடுக்கட்டும். அவசரம் எனின் அழைத்துப் பேசலாம். அழைப்பிற்கு மட்டும் ஒலியை வைத்து, ஏனைய அறிவிப்பொலிகளை அடைத்துவிடலாம். படுக்கையறையில் மின்னூட்டம் செய்யும் வழக்கத்தை ஒழித்து, விழித்தெழ ஒரு கடிகாரம் வாங்கி வைத்தால் உறக்கமும் காக்கப்படும். தலையணைக்கடியில் மின்கலம் வெப்பமேறும் இடரும் நீங்கும். வந்த செய்தியின் மூலம் தெரியாவிடில் அது தம்மோடு நின்றுவிடட்டும்.

பெற்றோர்க்கு உரைக்க வேண்டியதும் ஒன்றுண்டு. வங்கி அனுப்பும் டிஏசி எண்ணை எவர் கேட்டாலும் கூறலாகாது. காவல்துறை என்று மிரட்டி வரும் அழைப்பிற்கு அஞ்சலாகாது. திருமண அழைப்பிதழ் என்னும் பெயரில் வரும் அறியாத செயலியைத் திறக்கலாகாது. ஏமாந்தது தெரிந்தவுடன் வங்கியையோ, 2022ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்னும் எண்ணையோ காலந்தாழ்த்தாது அழைக்க வேண்டும். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமநிதிப் பணம் ஒரு பிற்பகலில் பறிபோகாமல் காக்கும் இப்பாடத்தைக் கூறுவதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தைவிட ஏற்ற இடம் எது?

மாணவரும் இதனால் விடுதலை பெற்றுவிடவில்லை. கரும்பலகையில் உள்ளதைப் படமெடுத்து வைத்துக்கொண்ட இடைநிலைப்பள்ளி மாணவர், பாடத்தைக் கற்றுவிட்டதாக எண்ணுகின்றார். படம் கைப்பேசியில் இருக்கின்றது. பாடம் அவரிடம் இல்லை. எழுதும் கையே சொல்லை நினைவில் நிறுத்துகின்றது. செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரை வாங்கி ஒப்படைப்பவர், பிறர் உண்ணத் தம் பசி ஆறும் என்று நம்புபவரை ஒத்தவர். பெரியோர் பிழை செய்கின்றனர் என்பது இளையோர் பிழைக்கு உரிமச் சீட்டாகாது.

எனினும் தொடக்கம் ஆசிரியரிடமிருந்தே வரவேண்டும். விளக்கு ஊரெல்லாம் ஒளி தரலாம். தன் அடியிலுள்ள இருளைத் தான் காண்பதில்லை. அடுத்த முறை ‘கைப்பேசியின் நன்மை தீமைகள்’ என்னும் தலைப்பு கொடுக்கப்படும்போது, ஆசிரியரும் மாணவரோடு அமர்ந்து அதனை எழுதட்டும். தம் ஒருநாட் பழக்கத்தை ஒளிக்காமல் எழுதி வகுப்பில் படித்துக் காட்டட்டும். அதன்பின் கைப்பேசியை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மாணவர் கட்டுரைகளை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை ஒரே அமர்வில் திருத்தட்டும்.